அம்மாவின் வெள்ளை அணுக்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று மட்டும் எழுதுகிறேன்.

சித்தி போனில் விஷயத்தைச் சொன்ன அன்று போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி நீ அழுதாய். ஒன்றே ஒன்று கேட்டாய், விடாம ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களே, சரியா இருக்குன்னுதானே சொன்னீங்க, அப்புறம் எப்படிப்பா என்று. அம்மாவுக்கு எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது என்பது உனக்குத் தெரியும். சிவப்பணு கூடினால் ரத்தம் கெட்டியாகும், எங்கேயாவது கட்டிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னபோது குழாய் வேலை செய்கிற எனக்குச் சட்டென்று புரிந்தது. கெட்டியானது அடைக்கும், இளகினது ஓடும், அவ்வளவுதானே. ரத்தத்தில் சிவப்பணு நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கைத் தாண்டாமல் இருக்க அவ்வப்போது ஒரு பை ரத்தம் எடுத்துவிடுவார்கள், உறையாமல் இருக்கச் சின்ன மாத்திரை ஒன்று. தாண்டவில்லை என்று தெரிந்தால் போதும், ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா ஐஸ்கிரீம் கேட்பாள். உனக்குப் போன் பண்ணி நாங்கள் சொன்ன நல்ல சேதியெல்லாம் அந்தச் சிவப்பணுவைப் பற்றித்தானம்மா.

வெள்ளை அணுவும் கூடவே ஏறிக்கொண்டிருந்தது. போன தடவை டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார், சிவப்பு அடங்கியிருக்கு, ஆனா வெள்ளை இப்படி ஏறிக்கிட்டே போனா அதுவும் ஆபத்துதான், ரத்தக்குழாயோட உள்பக்கத்தைப் புண்ணாக்கி ரத்தம் கட்ட வழி பண்ணிடும் என்று. மஜ்ஜையை அடக்குகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். முடி கொட்டுமா டாக்டர், கடையில கஸ்டமர் பயந்துடுவாங்களே என்று அம்மா சிரித்தாள். ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டாள். அது வேலை செய்யக் கொஞ்ச காலம் பிடிக்குமாம். அந்தக் கொஞ்ச காலம் கிடைக்கவில்லை.

ஜவுளிக்கடையில் எல்லோரும் அவளை ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு புடவையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு வார்த்தை குழறியிருக்கிறது. விளையாடுகிறாள் என்று வாங்க வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற தையல்காரர்தான் வாய் ஒரு பக்கமாக இழுப்பதைப் பார்த்து ஆட்டோ பிடித்தார். மூளையின் இடது பக்கம் ரத்தக்கட்டு. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கை இன்னும் எழும்பவில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறாள். பேச்சுதான் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம், சிட்டு. தண்ணீர் வேண்டுமென்றாலும் சிட்டு, வலித்தாலும் சிட்டு, என்னைப் பார்த்தும் சிட்டு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் அது யாரு சார் என்று கேட்டாள். எங்க பொண்ணு, வெளியூர்ல இருக்கா என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நேற்று ரிசல்ட் வந்தது. மாத்திரை பிடித்துவிட்டதாம், வெள்ளையும் இறங்கிவிட்டது, சிவப்பும் அளவோடு இருக்கிறது. சொல்லிவிட்டு டாக்டரம்மா அம்மாவின் வலது கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பொதுவாக இது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிற வியாதி இல்லையாம், ஆனாலும் ஒரு தடவை ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துவிடு, சிவப்பை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதே, எல்லாவற்றையும் கேள். வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் வள்ளென்று விழாதே, அவர் என்ன செய்வார் பாவம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து வாழுங்கள்.

உன் வேலை, லீவு, டிக்கெட் எல்லாம் எனக்குத் தெரியும். அவசரப்பட்டு வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. வந்துவிட்டுப் போ அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா