சாவியைக் கேட்காத அத்தியாயம்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், கதையில வர்ற கெட்டவங்களுக்குக் கால் வலிக்காதா?" வகுப்பே சிரித்தது. "அது கதைக்குத் தேவையில்ல, உக்காரு" என்றேன். இருபது வருஷம் இருக்கும். இன்று நூலகர் கிட்டத்தட்ட அதையே கேட்டார்.

என் நாவலின் ஒன்பது அத்தியாயங்களைப் படிக்கக் கொடுத்திருந்தேன். "தங்கச்சி நல்லா வந்திருக்கா டீச்சர். அந்த மூத்தவதான்... அவ மேல கோபம்கூட வரல. ஆளே தெரியல, பூட்டு மட்டுந்தான் தெரியுது."

கோபம் வரவில்லையாம்! அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவள், தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த தங்கை சாயங்காலம் வரை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரியில் அப்பாவின் உயிர் போய்விடுகிறது. இதற்கு வராத கோபம் வேறெதற்கு வரும்?

கதைதான். நடந்ததும் அதுதான். நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று, அப்போது எனக்குப் பதினேழு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அக்கா சொன்னது ஒரே சொல்: "மறந்துட்டேன்." இப்போது அவளும் நானும் ஒரே வீட்டில். இதை எழுதும்போது அடுத்த அறையில் அவள் தையல் மிஷின் ஓடுகிறது.

14ஆம் தேதி நூலகத்தில் கதை எழுதுகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டும். பாத்திரங்கள் மேல் வாசகருக்குப் பரிவு வரவைப்பது எப்படி என்று. நல்ல ஆளைப் பிடித்தார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

நாவல் நோட்டை மேஜையில் இடப்பக்கம்தான் வைப்பேன். இன்று வலப்பக்கம் இருந்தது. நானேதான் மாற்றி வைத்தேனா?

பிப்ரவரி 6, வெள்ளி

கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள் அக்கா.

"என்ன எழுதற, வாத்தியாரம்மா?"

"சும்மா."

"சும்மாவுக்கா இத்தன பேனா தீருது?"

சிரித்துக்கொண்டே போனாள். ஏன் சிரித்தாள்? நூலகரின் மனைவி இவளிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள். அங்கே ஏதாவது பேச்சு நடந்திருக்குமோ?

சாயங்காலம் நோட்டின் அட்டையில் வெள்ளைச் சாக்பீஸ் பொடி தூவினேன். முப்பத்தொரு வருஷம் அந்தப் பொடியைச் சுவாசித்தவள் நான். தொட்டவர் விரலில் ஒட்டாமல் போகாது.

பிப்ரவரி 7, சனி

அக்காவின் விரல்களைப் பார்த்தேன். பத்திலும் சாக்பீஸ்! தையல்காரி விரலில் வேறென்ன இருக்கும்? அறுபத்து மூன்று வயதில் எனக்கு இவ்வளவுதான் புத்தி.

ஆனால் — அவளுடையது துணியில் கோடு போடுகிற நீலம். நோட்டைப் புரட்டினேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, நீலக் கறை.

படித்திருக்கிறாள். படித்துவிட்டுக் காபியும் கொடுத்திருக்கிறாள். என்ன மனசு இது?

பிப்ரவரி 9, திங்கள்

நேராகக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். பொறி வைக்க வேண்டும். அக்காவுக்குத் தப்பான தகவலென்றால் பொறுக்காது. டி.வி.யில் யாராவது ஒரு தேதியை மாற்றிச் சொன்னால் டி.வி.யோடு சண்டை போடுவாள். அதனால் ஒன்பதாம் அத்தியாயத்தை மூத்தவள் பக்கம் நின்று மறுபடி எழுதினேன், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக. மழை பெய்கிறது. மூத்தவள் நிதானமாகப் புதுச் செருப்பை மாட்டுகிறாள். குடையை விரிக்கிறாள். பூட்டுகிறாள்.

அங்கே பேனா நின்றுவிட்டது. பூட்டினாள், சரி. சாவியை என்ன செய்தாள்?

பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்: 'ஒருவன் கதவைத் திறந்தான் என்று எழுதினால், அவன் கையிலிருந்த பையை எங்கே வைத்தான் என்றும் யோசியுங்கள்.' நான் இத்தனை வருஷமும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சாவியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த இடத்தைக் காலியாக விட்டு, நோட்டை வைத்தேன். இடப்பக்கம்.

பிப்ரவரி 11, புதன்

மாட்டிக்கொண்டாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"மழையாம், குடையாம்! மண்டையப் பொளக்கற வெயில்டி அன்னிக்கு. செருப்பு தேடக்கூட நேரமில்ல. அப்பாவத் தள்ளுவண்டியில படுக்க வெச்சு ஒருத்தர் தள்ளினாரு, நான் பின்னாலயே ஓடினேன். உள்ளங்கால் பொத்துப்போச்சு."

"அப்ப என் நோட்டப் படிச்சிருக்க."

"படிச்சேன். என்னப் பத்தித்தான எழுதற? நான் படிக்காம வேற யாரு படிப்பா?"

பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவில்லை. "சாவி எங்கக்கா?" என்றேன்.

கத்தியை மறுபடி எடுத்தாள். "விடு."

"யார்கிட்டயாவது குடுத்தியா?"

"விடுன்னா விடேன்டி!"

எதையோ மறைக்கிறாள். நாற்பத்தாறு வருஷமாக மறைக்கிறாள். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 12, வியாழன்

சொல்லிவிட்டாள். சாப்பிட மாட்டேன் என்று நான் அடம்பிடித்த பிறகு — இந்த வயதில்! மிஷினை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

வழக்கமாகச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்போம். அன்று அவர்கள் ஊரில் இல்லை. அதனால் படியோரம் இருந்த பூந்தொட்டிக்கு அடியில் வைத்தாளாம், நுனி வெளியே தெரிகிற மாதிரி. உள்ளே மேஜைமேல் ஒரு சீட்டு: ஆஸ்பத்திரி பெயர், 'உடனே வா.'

"நான் திரும்பி வந்தப்ப நீ அந்தத் தொட்டியிலயே சாஞ்சு தூங்கிட்டிருந்த. சாவி வெச்ச எடத்துலயே இருந்துச்சு. எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன். உள்ள போய்ச் சீட்டக் கிழிச்சேன். அப்புறந்தான் உன்ன எழுப்பினேன்."

"ஏன் மறந்துட்டேன்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? கொஞ்சம் குனிஞ்சு பாத்திருந்தா அப்பா மொகத்தப் பாத்திருக்கலாம்னா? பதினேழு வயசுப் பொண்ணுகிட்டயா? என்னத் திட்டிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

இந்த வீட்டு வாசலிலும் ஒரு தொட்டி இருக்கிறது. குனிந்து பார்த்தேன். எறும்புகள்.

பிப்ரவரி 14, சனி

புதிதாக எழுதிய ஒன்பதாம் அத்தியாயத்தை அக்கா என் எதிரிலேயே உட்கார்ந்து படித்தாள். வெயில் சரி, வெறுங்கால் சரி, தள்ளுவண்டி சரி.

"தொட்டிய மட்டும் எடுத்துரு."

"ஏன்?"

"படிக்கறவங்க தங்கச்சியத் திட்டுவாங்க."

நான் எடுக்கவில்லை.

இன்னும் அரை மணியில் வகுப்பு. மூன்று பக்கக் குறிப்பு வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன். கரும்பலகையில் எழுதப்போவது இவ்வளவுதான்:

உங்கள் கதையில் உங்களுக்கே பிடிக்காத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தத் தவறைச் செய்வதற்கு முந்தைய ஐந்து நிமிடம், அவருடைய கையும் காலும் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஐந்து வரி எழுதுங்கள்.