யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போன லட்சணம்

ஏப்ரல் 10, 1959. வெள்ளி

காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடம் மூடியாயிற்று, பிள்ளைகளுக்கும் எனக்கும் நிம்மதி. நாளை நானுஓயாவில் ரயில் பிடித்துக் கொழும்பு. ஞாயிறு விமானம், யாழ்ப்பாணத்துக்கு. பயிற்சிக் கல்லூரியில் கூடப் படித்த சிவலிங்கம் வா வா என்று எத்தனை காலமாக அழைக்கிறான். கல்யாணமானதிலிருந்து ரோஸ்லினை எங்கும் கூட்டிப்போனதில்லை. போவதுதான் போகிறோம், பறந்தே போவோம் என்றேன். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர்கூட.

எடுக்க வேண்டியவை: ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், காலுறை, தைலப் போத்தல். நுவரெலியாவிலேயே இந்தக் குளிர் என்றால் அதற்கும் மேலே எப்படி இருக்கும்! உயரம் கூடக் குளிர் கூடும், வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேனே. ரோஸ்லின் பயணத்துக்கென்றே நீல ஸ்வெட்டர் ஒன்று பின்னி முடித்துவிட்டாள். மூன்று முறை போட்டுப் பார்த்துக் கழற்றினாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு. யாழ்ப்பாணம்

கோபம்.

இரத்மலானை விமான நிலையத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் என்றவர்கள் மத்தியானம்தான் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகும் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா நிறுத்திவைத்தார்கள். முன்வரிசைக்காரர்களுக்கு விசிறி, ஆரஞ்சு பார்லி. எங்களுடையது குறைந்த வகுப்பு, பின்வரிசை. ஒரு மண்ணும் கிடையாது. ரோஸ்லின் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டரோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டு. கழற்று என்றேன்.

"மேல போனா குளிரும்னு நீங்கதானே சொன்னீங்க."

ஹோஸ்டஸ் பெண் வந்தாள். உதட்டுச் சாயம், குதிகால் செருப்பு. ரோஸ்லினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னொருத்தியிடம் சிங்களத்தில்: இந்த அம்மா இங்கிலாந்துக்குப் போகிறாள் போல. இரண்டு பேரும் சிரிப்பு. எங்களுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைப்பு. ரோஸ்லின் முகம் செத்துப்போயிற்று.

தண்ணீர் கேட்டேன். பறந்த பிறகு தருவார்களாம். பறந்த பிறகு கேட்டேன். வேலையாக இருக்கிறாளாம். பின்வரிசைக்குத் தேநீரும் இல்லையாம், தீர்ந்துவிட்டதாம். மலையிலிருந்து வந்தவனிடம் தேயிலைப் பஞ்சம் பேசுகிறார்கள்!

ரோஸ்லினுக்குக் குமட்டல். காகிதப் பை கேட்டேன். திரும்பியே பார்க்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். அதற்குள் இவள் மேலே போட்டிருந்த நீல ஸ்வெட்டரைக் கழற்றி அதிலேயே வாந்தி எடுத்துவிட்டாள், ஆசனத்தில் படக் கூடாதென்று. அப்போது வந்தாள் மகாராணி, மூக்கைப் பொத்திக்கொண்டு. "வத்தே மினிஸ்சு" என்றாள். தோட்டத்து ஆட்களாம். அவ்வளவுதான், வேறு விளக்கம் தேவையில்லை அவளுக்கு.

அறைந்திருப்பேன். ரோஸ்லின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. சத்தம் போடாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க."

இறங்கும்வரை பிடியை விடவில்லை. குளிர்? பேருக்குக்கூட இல்லை.

ஏப்ரல் 15, புதன்

இங்கேயும் வெயில். நண்டுக் கறி. சிவலிங்கம் வீட்டில் நல்ல கவனிப்பு. ரோஸ்லின் சோற்றைக் கொறிக்கிறாள். கிணற்றடியில் மறுபடி ஸ்வெட்டரைத் துவைக்கிறாள். வாடை போகவில்லை என்கிறாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

சிவலிங்கம்: "விடு மச்சான், அவையள் எங்களையும் உப்பிடித்தான் நடத்துறவை." அவனுக்கென்ன, சொல்லுவான்.

விடுவதாவது! ஊருக்குப் போனதும் ஒருவர் விடாமல் சொல்வேன். கோயிலில், பள்ளிக்கூடத்தில், ஆபீஸ் வாசலில். அந்தக் கம்பனி விமானத்தில் எங்கள் பக்கத்து ஈ காக்கை ஏறக் கூடாது. நினைக்கும்போதே பாதி வயிற்றெரிச்சல் அடங்குகிறது.

திரும்பும் விமான டிக்கெட் கையில் இருக்கிறது. ரோஸ்லினிடம் கேட்டேன். "ரயிலு" என்றாள்.

ஏப்ரல் 18, சனி

ரயில். கூட்டம், கரி, மூட்டைப்பூச்சி. சொர்க்கம். அனுராதபுரத்தில் ஒரு சிங்களப் பெண் நகர்ந்து உட்கார்ந்து ரோஸ்லினுக்கு இடம் கொடுத்தார். தோடம்பழமும் உரித்துக் கொடுத்தார். விமானக்காரி வந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு. தோட்டம்

மூடுபனி. தடிமன், மூக்கு ஒழுகுகிறது. பூசை முடிந்து வந்து உட்காரவில்லை, பெரிய கிளாக்கரின் மனைவி வந்துவிட்டார்.

"பிளேன் பயணம் எப்படிங்க மாஸ்டர்?"

வாயைத் திறந்தேன். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் நாக்கு நுனியில். ரோஸ்லின் முந்திக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க அக்கா. ஏறுனதுமே ஆரஞ்சு குடுத்தாங்க. அப்புறம் தேத்தண்ணி. அந்தப் புள்ள பக்கத்துலயே நின்னு கவனிச்சுக்கிச்சு."

"அப்படியா! அப்ப டிசம்பர்ல நாங்களும் போறோம்."

அவர் வாசல் தாண்டியதும் குதித்தேன். ஏன் பொய் சொன்னாய்? அந்தத் திமிர் பிடித்தவளுக்கு நற்சான்று வேறா? ஊர் பூராவும் சொல்லி நாறடிக்க வேண்டாமா?

ரோஸ்லின் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாறப்போறது அவளா, நானா? சொல்லுங்க. என்னைய அவ என்னா சொன்னான்னு இப்ப ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."