சைரன் நின்ற பிறகு

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் தெம்பாக இருக்கிறாயா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. போனை எடுத்துப் பேசாமல் இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அப்பா உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, நடுவில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படி. எழுத உட்கார்ந்ததிலிருந்து நானே பலமுறை எழுந்துவிட்டேன், ஒரு தடவை அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, இன்னொரு தடவை எதற்கென்றே தெரியவில்லை, ஜன்னல் வரைக்கும் போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். உனக்குத் தெரியாததா, எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது.

நீச்சல் குளத்தில் இத்தனை வருஷமாக நான் கத்திய கத்தல் உனக்குத் தெரியும். கண்ணாடிக் கூரை போட்ட கட்டடம், தண்ணீர்ச் சத்தம் ஒரு பக்கம், பிள்ளைகளின் கூச்சல் ஒரு பக்கம், மூக்கில் ஏறும் மருந்து வாடை வேறு. அதையெல்லாம் மீறிக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே சைரன் ஆன்ட்டி என்று பெயர் வாங்கினேன், எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். மழைக்காலம் தொடங்கும்போது குரல் கரகரத்தது, அப்புறம் பாதி வார்த்தை காற்றாகப் போனது, ஒரு நாள் காலையில் அப்பாவைக் கூப்பிடுகிறேன், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே வீட்டுல சைரன் நின்னுபோச்சா, கரண்ட் இல்லையான்னு கேட்டார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேப்பர் கீழே விழுந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்ல கட்டி மாதிரி தடிச்சிருக்கு, கெட்டது ஒண்ணும் இல்ல, ஆனா இப்படியே கத்தினீங்கன்னா ஆபரேஷன்தான், அதுக்கப்புறமும் பழைய குரல் வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். கொஞ்ச நாள் வாயே திறக்கக்கூடாது, அதன் பிறகு குரல் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஒரு முகவரியும் கொடுத்தார். குளத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, குரல் இல்லாத கோச்சைத் தண்ணி ஓரத்துல நிறுத்த முடியாதும்மா, பிள்ளைங்க உயிர் விஷயம், குரல் வர்ற வரைக்கும் கவுண்டர்ல உட்காருங்க என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் எனக்குப் பதிலாக வந்த புது கோச் என் பிள்ளைகளுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்க் காலடிக்கச் சொல்லித் தருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அதை விடப் பெரிய தண்டனை இல்லை.

பயிற்சி நடக்கும் இடம் ஒரு மரச்சாமான் கடையின் மாடி. நாடகக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் கூடம் அது, சொல்லித் தருகிற பெண் உன் வயசுதான் இருப்பாள், முன்பு மேடையில் நடித்தவள், எல்லோரும் குரல் டீச்சர் என்கிறார்கள். தொண்டைக்கு ஏதாவது சொல்லித் தருவாள் என்று போனால், முதல் நாள் முழுக்க நாற்காலியில் உட்காருங்க, எழுந்திருங்க, உட்காருங்க, எழுந்திருங்க, இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்திருக்கும் முன்னாலேயே என் கழுத்து ஆமை மாதிரி வெளியே நீளுகிறதாம், தோள் காதுக்குப் போகிறதாம், மூச்சை அடைத்துக்கொள்கிறேனாம். அடுத்த முறை தரையில் படுக்கச் சொன்னாள், தலைக்கு அடியில் ஒரு புத்தகம், முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், ஒன்றும் செய்யாமல் என்றால் ஒன்றும் செய்யாமல். எனக்கு மேலெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, படுக்கறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா, எங்க வீட்டுல கட்டில் இல்லையான்னு ஒரு சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று படி இறங்கிவிட்டேன். கீழே வரைக்கும் வந்த பிறகு செருப்பை மேலேயே விட்டது தெரிந்தது. வெறுங்காலோடு வீட்டுக்குப் போனால் உன் அப்பாவின் கிண்டலைத் தாங்க முடியுமா, திரும்ப ஏறினேன்.

மேலே அதற்குள் ஒத்திகை ஆரம்பித்திருந்தது. ஒல்லியான மனுஷர் ஒருத்தர், பகலில் லாரி ஓட்டுகிறவராம், நாடகத்தில் கோபக்கார அப்பா வேஷம். வீட்டை விட்டு வெளியே போ என்று மகனைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சரியில்லை, மறுபடி பார்க்கலாம் என்று அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். முடிந்ததும் அவர் சாதாரணமாக வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடிக்கிறீங்களாக்கா என்று குழந்தையிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார். தொண்டையில் ஒரு கரகரப்பும் இல்லை. நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு கத்தலிலும் அதில் ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை. அன்றைக்குத் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தவள்தான், அதன் பிறகு ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

வீட்டில் வந்து பார்த்தால் அவள் சொன்னது எல்லா இடத்திலும் இருக்கிறது கண்ணா. பல் தேய்க்கும்போது தோளைத் தூக்குகிறேன், பாட்டில் மூடியைத் திறக்க மூச்சை அடைக்கிறேன், போன் மணி அடித்தால் கால் விரலெல்லாம் தரையைக் கவ்வுகிறது, ஏதோ வீடு பற்றிக்கொண்ட மாதிரி. அவள் சொல்லித் தருவது இதுதான், எதையும் செய்யப் போகும் முன்னால் ஒரு கணம் நில், என்ன செய்ய அவசரப்படுகிறாய் என்று கவனி, கழுத்தை விடு, மூச்சு தானாக உள்ளே வரட்டும், அப்புறம் செய். பேச்சும் அப்படித்தான், மூச்சை நீ இழுக்கத் தேவையில்லை, வெளியே விட்டாலே போதும், உள்ளே வருவது அதுவாக வரும். கேட்க லேசாக இருக்கிறது, எனக்கு அந்த ஒரு கணம் நிற்பது மலையைத் தூக்குவது போல இருந்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு ம்ம் என்று முனகல், உதடு கூச வேண்டும், மார்புக் கூட்டில் அதிர்வு தெரிய வேண்டும். நான் சமையலறையில் முனகிக்கொண்டே இருந்ததில், ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சு என்று அப்பா மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆள் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே சார் இருக்கு என்கிறார், நான் அடக்கமுடியாமல் சிரிக்கிறேன், அப்பா மானம் போய்விட்டது என்று கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். போன வாரம் சாயங்கால வகுப்பு நேரம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது, கண்ணாடிக் கூரையே சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது, பெரிய இடி ஒன்று இடித்துக் கரண்ட் போனது. அவசர விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. உள்ளே சின்னப் பிள்ளைகள், நீச்சல் இன்னும் சரியாக வராதவர்கள், எல்லோரும் தண்ணீரில். ஒரே அலறல். புது கோச் விசில் ஊதுகிறார், விடாமல் ஊதுகிறார், அந்தக் கூடத்தில் ஒரு விசில் பத்து விசிலாக எதிரொலித்துப் பிள்ளைகள் இன்னும் மிரண்டுவிட்டார்கள். நான் கவுண்டரிலிருந்து ஓடினேன். வாசலில் கால் வைத்ததும் ஈரத் தரை வழுக்கியது, அந்த வழுக்கலில்தான் எனக்கே என்னைத் தெரிந்தது, தோள் காதில், கழுத்து வெளியே, கத்துவதற்கு வாய் திறந்தாயிற்று. நின்றேன். பிள்ளைகள் அலறும்போது நிற்பது என்றால் என்னவென்று உனக்கு எப்படிச் சொல்வேன், நெஞ்சுக்குள் யாரோ பிடித்துத் தள்ளுகிறார்கள், நீ நிற்கிறாய். மூச்சை விட்டேன். தடவிக்கொண்டே நடந்து போய்ப் புது கோச்சின் கையைப் பிடித்து விசிலை இறக்கினேன். அப்புறம் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, சைரன் ஆன்ட்டி பேசறேன், நான் இங்கதான் நிக்கறேன், சத்தம் போட்டா என் குரல் உங்களுக்குக் கேட்காது, கையை நீட்டுங்க, சுவர் கிடைச்சவங்க பிடிச்சுக்கங்க என்றேன். முதலில் பக்கத்தில் இருந்தவர்கள் அடங்கினார்கள், பிறகு அவர்களுக்கு அடுத்தவர்கள். நான் மெதுவாகப் பேசப் பேச அவர்கள் அதைக் கேட்பதற்காகவே வாயை மூடினார்கள் கண்ணா, இத்தனை வருஷமும் கத்தி வாங்க முடியாத அமைதி அது. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், இருக்கேன் ஆன்ட்டி, இருக்கேன் ஆன்ட்டி என்று இருட்டிலிருந்து பதில் வருகிறது. புறா என்று நாங்கள் கூப்பிடும் குட்டிப் பெண் மட்டும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன், இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் நடுக் குளத்துப் பக்கமிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது, குரல் இல்லை, களக் என்று யாரோ விழுங்கும் சத்தம். கட்டியிருந்த துணியோடு இறங்கினேன். சத்தம் வந்த பக்கம் தடவிப் பிடித்தால், புறா மல்லாந்து மிதக்க முயற்சி செய்துகொண்டிருந்தாள், மூக்கு மட்டும் வெளியே, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு. முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து, விடு கண்ணு, காத்தை வெளியே விடு, நான் பிடிச்சிருக்கேன் என்று காதருகே சொன்னேன். அவள் மூச்சை விட்டாள், உடனே அழ ஆரம்பித்தாள், அந்த அழுகையை விட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. நானும் கோச்சுமாக எல்லோரையும் கரையேற்றி முடிக்கும்போதுதான் கரண்ட் வந்தது.

புறாவின் அப்பா அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, என் ஈரத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். புது கோச் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பாவம், இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்க்கா என்றார், பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். மேனேஜர் சரிபார்க்காமல் விட்டிருந்த அவசர விளக்குகளை ஆள் வைத்து மாற்றினார், என்னையும் அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு வரச் சொல்லிவிட்டார், முதலில் பாதி நேரம். டாக்டர் மறுபடி பார்த்துவிட்டுத் தடிப்பு குறைந்திருக்கிறது, ஆபரேஷன் பேச்சு இப்போது வேண்டாம் என்றார். இந்த வாரம் முழுக்க வாய்க்கு ஓய்வு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் பேசலாமாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, பிறகு ஏன் இவள் ஜன்னலுக்கும் மேசைக்கும் அலைகிறாள் என்று கேட்பாய். உன்னால்தான். பேச முடியாத நாட்களில் நீ அனுப்பும் குரல் செய்திகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், நல்லா இருக்கேம்மா, வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான், அப்புறம் பேசறேன். முன்பெல்லாம் நீ சொல்லி முடிக்கும் முன்னால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன், வார்த்தையை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். குளத்திலிருந்து வந்த பிறகு மறுபடி போட்டேன். நல்லா இருக்கேன் என்று சொல்லும் முன்னால் நீ மூச்சை அடக்குகிறாய். ஒரு செய்தியில் இல்லை, எல்லாவற்றிலும். விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறாய். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், உனக்கு எல்லாத்திலும் ஒரு சந்தேகம் என்றார், பிறகு அவரே திரும்ப ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யார் யாரோ திட்டுவதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொல்கிற வேலை உனக்கு, அந்த அலுப்பா, அங்கே தனியாக இருப்பதா, இல்லை நீ சொல்லாத வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டுக் குடைய மாட்டேன். ஒன்று மட்டும் செய், அடுத்த அழைப்பை எடுக்கும் முன்னால் பாதத்தைத் தரையில் வை, தாடையைத் தளர்த்து, மூச்சை வெளியே விடு, அதற்குள் அவர்கள் திட்டினால் திட்டட்டும், நாற்காலி உன்னைத் தாங்கிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஏன் இளைத்தாய், ஏன் தூங்கவில்லை என்று ஆரம்பிக்க மாட்டேன், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குப் பேச ஏதாவது இருந்தால் பேசு. இல்லையென்றால் பேசாதே, ஆனால் போனை மட்டும் வைத்துவிடாதே. நீ மூச்சு விடுவது கேட்டால் எங்களுக்குப் போதும்.

நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். வெந்நீர் குடிக்க மறக்காதே.

எப்போதும் உன் பக்கம் இருக்கும்,
அம்மா