உறவு என்ற கட்டம்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. தங்கை வீட்டுக்குப் போகிறேன், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

பேங்க் மேனேஜர் கூப்பிட்டார். "இறந்துபோன டீச்சரோட கணக்கை முடிக்கணும், இறப்புச் சான்றிதழ் அசலோட சாரை வரச் சொல்லுங்கம்மா" என்றார். உயிலில் உங்களைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டுப் போன மகராசி! நம் வீட்டுக் கரண்ட் பில் எங்கே என்று தெரியாத மனுஷன், அவள் காகிதங்களுக்கு மட்டும் கலர் கலராக ஃபைல் போட்டிருக்கிறீர்கள். நடக்கட்டும்.

சான்றிதழைத் தேடும்போது உங்கள் பழைய பாஸ்புக்கும் அதற்குள் நாமினி படிவத்தின் நகலும் சிக்கின. பெயர் என்ற கட்டத்தில் டீச்சரின் பெயர். உறவு: சிநேகிதி. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது, மாற்ற மறந்துவிட்டேன் என்பீர்கள். இருபது வருஷமாகவா? எங்கப்பா கடையில் இருபது வருஷ வாடிக்கைக்குத் தள்ளுபடியாவது உண்டு.

இப்போது அந்த இடம் காலி. புதுப் படிவம் சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது. நாமினியின் பெயரையும் உறவையும் தவிர எல்லாம் நிரப்பிவிட்டேன். அவற்றை உங்கள் கையால் எழுதுங்கள்.

பி.கு: கிளம்பும்போது சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வையுங்கள்.

இன்னொன்று: உறவு என்ற கட்டத்தில் 'மனைவி' என்றுதான் எழுத வேண்டும். பக்கத்தில் இடமிருந்தால் 'சிநேகிதி' என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் வேண்டாமென்று சொல்லமாட்டேன்.