மச்சான் தலையாட்டிய கதை

என் பாசத்துக்குரிய மச்சானுக்கு,

நான் சொன்னேனா இல்லையா? வாசுகிக்குப் பெயர் வைத்த பதினாறாம் நாள், அவள் அழுத சத்தம் கிள்ளானில் கிளம்பிப் பூச்சோங் வரை கேட்டது. "மச்சான், இது மைக் பிடிக்கிற தொண்டை" என்று அப்போதே சொன்னவன் நான். நீங்கள் சிரித்தீர்கள். இன்று உங்கள் மகள் சிலாங்கூர் சட்டமன்றத்தில் பேசுகிறாள். என் வாயில் பொய் வராது என்று இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஜெயித்ததைப் பார்க்க நீங்கள் இல்லை. அந்த வெற்றிக்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மையான காரணம், நான் லோரியில் மைக் கட்டிக்கொண்டு தொகுதி முழுக்கச் சுற்றியதுதான். என் பேச்சுக்கு எதிர்க்கட்சிக்காரர்களே கை தட்டினார்கள். ஒருவர் அழுதார்.

மற்ற சட்டமன்ற உறுப்பினர்களை எல்லாம் மரியாதையாக வைபி, வைபி என்று கூப்பிடுகிற ஜனங்கள், இவளை மட்டும் இன்னமும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் அவளுடைய சேவை மையத்தில் ஒரு பெரியவர், "டீச்சர், வீட்டு முன்னால கால்வா அடைச்சு நாறுதும்மா" என்றார். நகராட்சி அதிகாரி பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாசுகி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன வாரம் குடுத்த வேலை முடிஞ்சிருச்சா?"

"நாளைக்கு, டீச்சர்" என்று அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். அவரும் இவளிடம் வாய்ப்பாடு படித்தவராம்.

சட்டமன்றத்திலும் அதே கதைதான். ஷா ஆலாமில் பார்வையாளர் வரிசையில் நானே உட்கார்ந்து பார்த்தேன். மலாய் மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் கூச்சல் போட்டார்கள். பேச்சை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். ஆறாம் வகுப்பு சத்தம் போட்டால் நிற்பாளே, அதே மாதிரி. மண்டபமே அடங்கிவிட்டது. சபாநாயகர்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதெல்லாம் நல்ல சேதி. இப்போது இன்னொன்று.

நேற்று பிரிக்பீல்ட்ஸில் என்னை வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனாள். ரசம் ஊற்றும்போது கேட்டாள்.

"மாமா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில அப்பா நெசமாவே தலையாட்டுனாரா?"

"ஏம்மா இப்ப?"

"மறுபடியும் எலெக்சன்ல நிக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். அப்பா சரின்னு சொன்னாரேன்னுதான் இத்தன நாளும் ஓடுனேன். நீங்க பாட்டுக்கு அடிச்சு விட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க லா."

மீன் முள் சிக்கியதுபோல் இருமினேன். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வாதம் வந்து உங்களுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. துறைமுகத்துக்கும் கிள்ளானுக்குமாக லோரி ஓட்டிப் படிக்க வைத்த மகள், "அப்பா, வேலைய விட்டுட்டு எலெக்சன்ல நிக்கவா?" என்று உங்கள் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாள். நீங்கள் அவளையே பார்த்தீர்கள். அவ்வளவுதான். "என் மக கவர்மெண்ட் டீச்சர்" என்று டீக்கடைக்கு டீக்கடை சொல்லித் திரிந்தவர் அல்லவா நீங்கள்? அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்?

அவள் வெளியே போய் அழுதாள். "அப்பா சொல்லாம நான் எப்படி மாமா வேலைய விடுறது?" என்றாள். உள்ளே போய் உங்களோடு இருந்துவிட்டு வந்து, "மச்சான் தலையாட்டிட்டாரும்மா, பிள்ளையார் மேல சத்தியம்" என்று சொன்னேன்.

அதோடு விட்டேனா? நான் மைக்கில் சொன்ன கதையில், முதல் தேர்தல் கூட்டத்தில் நீங்கள் தலையாட்டினீர்கள். அடுத்த கூட்டத்தில் கண்ணீர் விட்டீர்கள். கடைசிக் கூட்டத்தில் எழுந்து உட்கார்ந்து அவள் நெற்றியில் திருநீறே பூசிவிட்டீர்கள். கிள்ளானே அழுதது.

அவளுக்கு நேரில் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஞாயிறு தமிழ்ப் பத்திரிகையை அவள் விடாமல் படிப்பாள். அதனால்தான் இதில் எழுதுகிறேன்.

நீங்கள் தலையாட்டவில்லை, மச்சான். நான் உள்ளே வந்தபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்காக நானே ஆட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசுகியை உங்கள் படத்துக்கு முன்னால் கூட்டிவருகிறேன். அவளே கேட்கட்டும். ஒற்றை ஆணியில் தொங்குகிற படம். காற்று பட்டாலே ஆடும். என் புத்தி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இது சத்தியம்: ஃபேனை நிறுத்திவிடுவேன், ஜன்னலையும் சாத்திவிடுவேன். இந்தத் தடவை ஆட்டினால் நீங்கள்தான் ஆட்ட வேண்டும்.

ஆடாவிட்டால், ஆடவில்லை என்றே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
டீச்சருக்கு ஒரே தாய்மாமன்,
முனியாண்டி