மூன்றாம் வருட வண்டி

மார்ச் 3, செவ்வாய்

மனைவியின் பிசியோதெரபிக்குப் போய் வந்தோம். வாடகைக் காரில் இருக்கை தாழ்வு. இவளை உட்கார வைத்து எழுப்புவதற்குள் எனக்கும் ஓட்டுநருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. இடுப்பு மூட்டு மாற்றி ஏழு மாதம் ஆகிறது. தாழ்ந்த இருக்கை கூடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவள் அக்கா போன் பண்ணினார். இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வருகின்றனவாம். கோடை முடிவதற்குள் முழுசாகப் போய்விடலாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டாராம். போனை வைத்துவிட்டு இவள் சொன்னாள்: "பார்வை இருக்கறப்பவே ஒரு தடவை போய் அவ முன்னாடி உட்காரணும்."

ஆறு மணி நேர மலைப்பாதை. பஸ் இவளுக்கு ஆகாது. பழைய காரை நவம்பரில் விற்றாயிற்று. உயரமான, கதவு அகலமான, குலுக்காத வண்டி வேண்டும். அப்படி என்றால் பெரிய எஸ்யூவிதான்; அதுவும் நம் கைக்கு எட்டுகிற மாதிரி பழையது.

நவம்பரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 9, திங்கள்

ஒரு வாரமாக இணையத்தில் குடியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், எதையும் அரைகுறையாகப் படிக்கத் தெரியாது. மாடலை முடிவு செய்துவிட்டேன். இன்ஜினில்தான் சிக்கல். அந்த மாடல் வந்த முதல் இரண்டு வருட வண்டிகளில் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் பாகம் தளர்ந்துவிடுமாம். செயின் நழுவினால் இன்ஜின் காலி. மூன்றாம் வருடம் அந்தப் பாகத்தை மாற்றியிருக்கிறார்கள். நான்காம் வருடம் இன்ஜினையே மாற்றிவிட்டார்கள். புதியது எண்ணெய் குடிக்கிறதாம்.

ஆக, மூன்றாம் வருடம். வேறு எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நோட்டில் கட்டம் போட்டு மற்ற வருடங்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். திருப்தியாக இருந்தது.

மார்ச் 21, சனி

ஒரு வண்டி பார்த்தேன். மூன்றாம் வருடம் என்று விளம்பரம். சேஸிஸ் எண்ணில் தயாரித்த வருடத்தைக் காட்டும் பத்தாவது எழுத்தைப் பார்த்தால் இரண்டாம் வருடம். பதிவு செய்ததுதான் அடுத்த வருடமாம். விற்பவருக்கே அது தெரியாது. நான் காட்டியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளூரக் குஷி.

வீட்டில் இவளிடம், "தப்பிச்சோம்" என்றேன். "அப்ப இன்னிக்கும் இல்லையா" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 30, திங்கள்

இன்னொன்று. வருடம் சரி, ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் இரண்டு பக்கம் காலி. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி

பழைய கார் தரகர் ஒருவரின் இடத்தில் ஒரு வெள்ளை வண்டி. மூன்றாம் வருடம், பத்தாவது எழுத்தும் சரி. சர்வீஸ் புத்தகம் ஒரு முத்திரை தவறாமல் முழுசாக இருந்தது. மார்பில் அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. நம் தெரு மெக்கானிக்கையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை. நேரே போய் பானெட் மேல் கையை வைத்தார்.

"சூடா இருக்கு சார். நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. செயின் தளர்ந்திருந்தா ஆறின இன்ஜின்லதான், ஸ்டார்ட் பண்ணின முதல் ரெண்டு செகண்ட் சத்தம் வரும். அதை மறைக்கத்தான் இது."

மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஐந்து வருடக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது. பிழை திருத்துகிறவன் முதல் பார்வையிலேயே பிடித்திருக்க வேண்டியது. மனசுக்குப் பிடித்துப்போனால் கண் தெரிவதில்லை போலிருக்கிறது.

திரும்பும் வழியில் மெக்கானிக் சொன்னார், நான் தேடுகிற வண்டி தாளில்தான் ஓடுமாம். கோபம் வந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஒன்றும் பார்க்கவில்லை. கட்டங்களை வேறு நிறத்தில் திரும்பப் போட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

காலையில் அக்கா வீட்டிலிருந்து போன். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம்தான் தெரிகிறதாம். இவள் நேரே என் மேஜைக்கு வந்து நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நாற்பத்தொரு பக்கம்.

"அங்க அவளுக்கு ஒரு கண்ணே போயிடுச்சு. நீங்க இன்னும் வருஷம் பார்த்துட்டு இருக்கீங்க."

உனக்காகத்தான் என்றேன். இன்னொரு தடவை நடு வழியில் நிற்கக் கூடாது என்றேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நவம்பரில் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி நின்றது தற்செயல் இல்லை. அரை மணி நேரம் முன்பே சூடு காட்டும் முள் ஏறுவதைப் பார்த்தேன். போய்விடலாம் என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. அந்தக் குளிரில், ஆபரேஷன் ஆன இடுப்போடு நாலு மணி நேரம் இவள் உட்கார்ந்திருந்தது என்னால். சொல்லும்போது அழுதுவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

இவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த முள்ளை நானும் பார்த்தேங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நிறுத்தினா திரும்பிப் போகலாம்னு சொல்லுவீங்கன்னு பயம். அக்காவைப் பார்க்காம திரும்ப மனசில்ல. அதான் பேசாம இருந்தேன்."

ஐந்து மாதம். ஒரே வீட்டில், ஒரே முள்ளை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்.

ஏப்ரல் 22, புதன்

மெக்கானிக் ஒரு வண்டி சொன்னார். பல் டாக்டரம்மா ஒருவர் அவரிடம் சர்வீஸுக்கு விடுகிற வண்டி. இரண்டாம் வருடம். நான் சிவப்பில் அடித்த வருடம். வழக்கம்போல வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவள் முந்திக்கொண்டு, தானும் வருகிறேன் என்றாள்.

ஏப்ரல் 25, சனி

ஏழு மணிக்கே போய்விட்டோம். முந்தின நாளிலிருந்து வண்டியைத் தொடவில்லை என்றார் டாக்டரம்மா. பானெட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. செயினையும் அந்தப் பாகத்தையும் இரண்டு வருடம் முன்பே மாற்றியதற்கு ரசீது காட்டினார். நான் ரசீதைப் படிக்க ஆரம்பித்தேன். இவள் படிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி வண்டியின் மூக்கருகே போய் நின்று, ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.

நாற்பது தையல் மெஷின் ஒன்றாக ஓடும் கூடத்தில் இருபத்தாறு வருடம் மேற்பார்வை பார்த்தவள். எந்த மெஷின் தையல் தாண்டுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லுவாள். இது எனக்குத் தெரியாததா? இரண்டு மாதத்தில் ஒரு நாள் கூட இவளைக் கூப்பிடத் தோன்றவில்லையே.

மூன்று தடவை, நடுவில் ஆறவிட்டு ஆறவிட்டு, ஸ்டார்ட் பண்ணவைத்தாள். டாக்டரம்மாவும் சளைக்காமல் பண்ணினார். கடைசியில் இவள் தலையாட்டினாள், மெக்கானிக்கும் தலையாட்டினார். நான் மட்டும், இரண்டாம் வருடமாயிற்றே என்று இழுத்தேன்.

"என் இடுப்பும் மாத்தினதுதான். இப்ப என் உடம்புலயே ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்" என்றாள்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். இவள் கதவைத் திறந்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

மே 2, சனி

பெயர் மாற்றம் ஆயிற்று. ரேடியேட்டர் குழாய்கள் புதிது. மெக்கானிக் இரண்டு தடவை பார்த்துவிட்டார். மூன்றாம் தடவை பார்க்கச் சொன்னேன். கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மே 9, சனி

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

வழியெல்லாம் மாறி மாறி முள்ளைப் பார்த்து, "நடுவுலதான் இருக்கு" என்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தோம். நவம்பரில் நின்ற வளைவைத் தாண்டியது எந்த இடத்தில் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்தாள். அக்கா இரண்டு கையாலும் இவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். தன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தெரிகிற ஓரத்தைத் தேடினார். இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் இப்படித் தேடவே வேண்டியிருந்திருக்காது. அது என் கணக்கில்தான்.

பிறகு தலை ஓர் இடத்தில் நின்றது.

"தலையெல்லாம் நரைச்சுப் போச்சேடி" என்றார் அக்கா. "போன்ல சொல்லவே இல்ல."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார்கள். நான் வண்டியைப் பூட்டப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். வண்டியை ஏற்கெனவே பூட்டியிருந்தேன்.

மூன்று நாள் தங்குவதாகத்தான் கிளம்பினோம். இப்போது பார்த்தால் இவள் பெட்டியைக் காலி பண்ணி, புடவைகளை எல்லாம் அக்கா அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள். கோடை முழுவதும் இருப்பாள் போல. சனிக்கிழமை தோறும் வந்து போகிறேன் என்று சொன்னேன், சரி என்றாள்.