ஊஞ்சலில் ஓர் எழுத்து

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவுக்கு நெஞ்சுவலி திடீரென்று வரவில்லை. காலையிலேயே வந்துவிட்டது. அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. போனில் உன்னிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன். பேச்சில் நான் எதையும் சமாளித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போனதும் நான் அரிச்சுவடி அட்டை வாங்கி மாட்டினேன். ஒன்றாம் வகுப்புப் பையனா நான் என்பதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ அங்கிருந்து எல்லா எழுத்தும் வரும்படி ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினாய்:

"அப்பா, ஈரத் தலையோடு ஊஞ்சலில் ஆடாமல் இந்த ஔடதத்தை ஐந்து நாள் ஒழுங்காக உண்டால், ஏழாம் நாள் எழுந்து ஓடலாம், பிறகு என்னை வையலாம்."

கடையில் பெயர்ப்பலகைக்கு விற்கிற எழுத்துகளையே எடுத்து, பலகையில் ஒட்டி, கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். படித்துவிட்டுப் பாதி வாயால் சிரித்தார். அன்றிலிருந்து இடது கையில் சிவப்புப் புள்ளி விழும் சின்ன லேசர் விளக்கைப் பிடித்து, எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பேசினார். உன் அண்ணி பொறுமையாகக் கூட்டிப் படிப்பாள். எனக்கு முதல் இரண்டு எழுத்து போதும், மீதியை நானே சொல்லிவிடுவேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பஞ்சு மெத்தைக் கடைக்காரர் வந்தார். மறுநாள் திறப்பு விழா, பலகை அன்றைக்கே வேண்டும் என்றார். 'ஞ்' கையிருப்பில் இல்லை. யாரும் கேட்காத எழுத்தில் நான் காசை முடக்குவதில்லை. ஆர்டரை விட மனமில்லாமல் வீட்டுக்கு வந்து, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊஞ்சலிலிருந்து அதைப் பெயர்த்துக்கொண்டு போனேன். அந்த வாக்கியத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது விளக்கு எரிந்தது. ந, பிறகு எ, பிறகு அந்த வெற்றிடம். மறுபடியும் ந, எ, வெற்றிடம். புள்ளி அந்த ஓட்டையிலேயே நின்று நடுங்கியது. எழுத்தை எடுத்த கோபம் என்று நினைத்தேன். "தெரியுதுப்பா. ஒரு எழுத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? திங்கக்கிழமை ஒட்டிடறேன்" என்றேன். அவர் நிறுத்தவில்லை. விளக்கை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

வேர்த்துக் கொட்டி அவர் கிடந்ததைப் பார்த்தது உன் அண்ணி. ஆஸ்பத்திரியில் டாக்டர், காலையில் வலி என்று ஏதாவது காட்டினாரா என்று கேட்டார். அந்த ந, எ, ஓட்டை 'நெஞ்சு' என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை என்றேன். அப்பா கண் திறந்துதான் இருந்தார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஆபத்து இல்லை என்கிறார்கள். ஆனால் மாத்திரையை மட்டும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுகிறார். எழுத்தை ஒட்டியதும் விளக்கைக் கையில் கொடுத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தேன். அப்பா எழுத்துக் கூட்டிக் கேட்டது, மெத்தைக்காரர் பலகை நன்றாக வந்ததா என்றுதான். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ன வேணும்னு சொல்லுங்கப்பா, என்னன்னாலும் செய்யறேன்" என்றேன். ம, உ என்று தொடங்கினார். "முதுகு வலிக்குதா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். திரும்ப முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது இதுதான்: 'முடிக்க விடு.'

உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில். படித்ததும் கூப்பிடு. எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

நான் வியாபாரி. 'முடிக்க விடு' என்று அப்பா கேட்ட இடத்திலும் பேரம் பேசினேன், அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் படிந்தது இது: அவர் ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது, கடையில் யார் காத்திருந்தாலும் எழுந்து போகக் கூடாது, விளக்கு அவர் கையை விட்டுப் போகக் கூடாது. பதிலுக்கு, அவர் மாத்திரையை விழுங்குவார்.

உன் அண்ணன்